பதினேழாம் குழியில் ஒரு செடி பிழைத்துவிட்ட கதை

ஒரு காட்டில் ஒரு குளமும், அந்தக் குளத்தைக் காப்பாற்றியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்ட ஒரு மன்றமும் இருந்தன. குளம் தன் பாட்டுக்குக் கிடந்தது. மன்றத்துக்குத்தான் மூச்சுவிட நேரமில்லை. பச்சைக் குளம்பு தன்னார்வலர் மன்றம் என்று அதற்குப் பெயர். குளம்பு உள்ளவர்கள், இல்லாதவர்கள், ஊர்வன, பறப்பன என்று எல்லாருக்கும் அதில் இடம் உண்டு. பச்சைச் சட்டையும் தொப்பியும் சும்மா கொடுத்தார்கள். அதனால் உறுப்பினர்களுக்குக் குறைவே இல்லை.

இந்த மன்றம் வருஷா வருஷம் குளக்கரையில் மரம் நடு விழா நடத்தும். நூறு குழி, நூறு செடி. விழா சித்திரை மாதத்தில்தான். அடப்பாவிகளா, மண்டையைப் பிளக்கிற வெயிலில் யாராவது செடி வைப்பார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். ஐப்பசியில் வைத்தால் மழை வரும், பந்தல் நனையும், பேனர் கிழியும், சிறப்பு விருந்தினர் சேற்றில் வழுக்கி விழுவார். செடிக்கு நல்லது என்பதற்காக ஒரு விழாவையே கெடுத்துக்கொள்ள முடியுமா? அதனால் சித்திரை என்று முடிவு செய்திருந்தார்கள்.

நட்ட செடிகள் வைகாசி பிறப்பதற்குள் வாடும். ஆனி பிறப்பதற்குள் சுள்ளியாகும். அடுத்த சித்திரையில் அதே குழிகளில் மண்ணைக் கொஞ்சம் கிளறிவிட்டு, ஓரத்தில் வட்டமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டால் போதும், குழி புதுசாகிவிடும். எட்டு வருஷமாக அங்கே யாரும் கடப்பாரையைத் தொட்டதில்லை. போன வருஷச் செடி செத்திருக்கும் என்கிற நம்பிக்கையில்தான் இந்த வருஷ அழைப்பிதழே அச்சாகும். அந்த நம்பிக்கை ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஏற்பாட்டில் மண்ணை அள்ளிப் போட்டவள் நீர்நாய் மூக்காயி.

மூக்காயிக்கு அந்தக் குளக்கரையின் அடியில், தண்ணீரை ஒட்டி ஒரு வளை. அவளும் அவளுடைய மூன்று குட்டிகளும் அதில் இருந்தார்கள். வளைக்குப் பக்கத்தில் முன்பு பெரிய நீர்மருது மரம் ஒன்று நின்றது. அதன் வேர்கள்தான் கரையை இறுக்கிப் பிடித்திருந்தன. முந்தின வருஷத்துப் புயலில் அந்த மரம் வேரோடு சாய்ந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் கரை பிட்டுப் பிட்டுக் குளத்தில் விழ ஆரம்பித்தது. இன்னும் இரண்டு மழைக்காலம் இப்படியே போனால் வளையின் கூரை குட்டிகளின் தலைமேல் உட்கார்ந்துவிடும். வேறு இடம் பார்க்கலாமென்றால் ஒரு பக்கம் வெறும் பாறை. மறு பக்கம் வயல், அங்கே போனால் வயல்காரர்களின் நாய்கள் விடாது. அவளுக்குப் போக்கிடம் இல்லை.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தவளுக்குப் போன சித்திரை விழாவில் ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. அந்த வருஷச் சிறப்பு விருந்தினர் கடமான். அவர் பதினேழாம் குழியில் ஒரு செடியை வைத்து, பதினோரு போட்டோ எடுத்துக்கொண்டு, மண்ணைக்கூட முழுசாகத் தள்ளாமல் போய்ச் சேர்ந்தார். கூட்டம் கலைந்ததும் மூக்காயி மேலே ஏறிப் பார்த்தாள். நீர்மருதுச் செடி! அதுவும் அவள் வளைக்கு நேர் மேலே! மனசு துள்ளிவிட்டது. காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். அன்றிலிருந்து குளத்தில் முங்கி எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் கரையேறி, செடியின் அருகில் நின்று உடம்பை உதறுவாள். நாளுக்கு ஏழெட்டு முறை. ஆடு மாடு கடிக்காமல் இருக்கச் சுற்றி இலந்தை முள் நட்டாள். காய்ச்சல் வந்து முடியாமல் கிடந்த நாட்களில்கூட ஊர்ந்து ஊர்ந்து மேலே போய் உதறிவிட்டு வந்தாள். இரண்டு இலை நான்காகி, நான்கு நாற்பதாகி, மறு சித்திரையில் அந்தச் செடி ஒரு மானின் மார்பு உயரத்துக்கு வந்து நின்றது.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மன்றத்தின் செயலாளர் குரங்கு குணசீலன் சுண்ணாம்பு வாளியோடு கரைக்கு வந்தார். ஒன்று முதல் பதினாறு வரை வட்டம் போட்டுக்கொண்டே வந்தவர் பதினேழில் வாளியைக் கீழே போட்டுவிட்டார்.

“யாரது? யாரு இங்க செடி வெச்சது?”

மூக்காயி தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினாள். “நீங்கதான் சார் வெச்சீங்க. போன வருஷம், கடமான் ஐயா கையால.”

“நாங்க வெச்சதா?” குணசீலன் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார். “நாங்க வெச்சது எதும்மா இப்படி நின்னிருக்கு? எட்டு வருஷமா செயலாளரா இருக்கேன், எனக்குத் தெரியாதா?”

“நான்தான் சார் தினமும் தண்ணி ஊத்துனேன்.”

“யாரைக் கேட்டு ஊத்துனீங்க?”

செடிக்குத் தண்ணீர் ஊற்ற யாரிடமாவது கேட்க வேண்டும் என்று மூக்காயிக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. திருதிருவென்று முழித்தாள்.

“இது சிறப்பு விருந்தினர் குழிம்மா” என்றார் குணசீலன், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. “இந்த வருஷம் யானை மலைச்சாமி ஐயா வர்றாரு. இங்கதான் வெளிச்சம் முகத்துல நல்லா விழும். பின்னாடி தண்ணி தெரியும். பேனர் கட்ட ரெண்டு பாறை இருக்கு. குழியில ஏற்கெனவே ஒண்ணு நின்னுட்டிருந்தா ஐயா எங்க நடுவாரு?”

“பக்கத்துல வேற குழி தோண்டிக்கலாமே சார்.”

“குழி தோண்டுறதா?” குணசீலனுக்குக் கோபமே வந்துவிட்டது. “பேசுறதை யோசிச்சுப் பேசுங்க. மன்றத்துக்குன்னு ஒரு நடைமுறை இருக்கு.”

“அப்ப இந்தச் செடி?”

“எடுத்துருவோம். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. அதே எடத்துல இதைவிட நல்ல செடியா வெச்சுருவோம். குரோட்டன்ஸ். போட்டோவுல கலரா விழும்.”

கரை இடிகிறது, வேர் வேண்டும், குட்டிகள் இருக்கின்றன என்று மூக்காயி ஒவ்வொன்றாகச் சொன்னாள். குணசீலன் பொறுமையாகத் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு. கடைசியில், “ஆட்சேபனை இருந்தா எழுத்துல குடுங்க. ஆனா உறுப்பினரா இருந்தாத்தான் குடுக்க முடியும். சனிக்கிழமை காலையில தூய்மைப் பணி இருக்கு, அங்க வந்து உறுப்பினர் பாரம் வாங்கிக்கோங்க” என்று சொல்லிவிட்டு, பதினேழைத் தாண்டிப் பதினெட்டுக்கு வட்டம் போடப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை மூக்காயி குளித்து முழுகிச் சுத்தமாகப் போனாள். அவள் எப்போதுமே சுத்தக்காரி. மீன் தின்றால் முள்ளைக்கூட வளைக்கு வெளியே போட மாட்டாள். கரையில் ஐம்பது பேர் பச்சைச் சட்டையில் நின்றார்கள். பாதிப் பேர் பாரம் வாங்கும் வரிசையில், மீதிப் பேர் பொங்கல் வாங்கும் வரிசையில். இரண்டு முயல்கள் ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, அவிழ்த்து, உள்ளே இருந்த காய்ந்த இலைகளைக் கரை முழுக்கப் பரப்பின.

“இது எதுக்கு?” என்று வரிசையில் பின்னால் நின்ற அணிலிடம் கேட்டாள் மூக்காயி.

“கரை சுத்தமா இருக்குல்ல அக்கா, அப்புறம் எதைக் கூட்டுறது? அதான் வர்றப்பவே குப்பை கொண்டாந்துருவோம்.”

எல்லாரும் துடைப்பத்தைப் பிடித்து நின்றார்கள். போட்டோ எடுத்தார்கள். குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று, சிரித்து ஒன்று. பிறகு அதே இலைகளை அதே சாக்கில் அள்ளிக் கட்டி அடுத்த சனிக்கிழமைக்குப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். பத்தடி தள்ளிக் கோரைப் புதருக்குள் பிளாஸ்டிக் பாட்டிலும் கிழிந்த செருப்பும் மலையாகக் கிடந்தன. அங்கே யாரும் போகவில்லை. சேறு பட்டால் சட்டை வீணாகிவிடும் அல்லவா?

வரிசை நகர்ந்து மூக்காயியின் முறை வந்தது. குணசீலன் பாரத்தை நீட்டினார். அவள் கை பட்டதும் அது ஈரத்தில் நைந்தது. இரண்டாவது பாரமும் நைந்தது.

“ஈரக் கையோட வராதீங்கன்னு போர்டே வெச்சிருக்கோம்.”

“நான் நீர்நாய் சார். எனக்குக் காயாது.”

மூன்றாவது பாரத்தை அவர் தம் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டு எழுதினார். பெயர், இனம், வாலின் நீளம், சட்டை அளவு எல்லாம் ஆயிற்று. “இதுவரை நட்ட செடிகள் எத்தனை?”

“நடலைங்க. வளர்த்தேன். ஒண்ணு.”

“வளர்த்ததுக்குக் கட்டம் இல்லைம்மா. நட்டது எத்தனை?”

“ஒண்ணும் இல்லைங்க.”

குணசீலன் ஒரு பூஜ்யம் போட்டார். பிறகு பேனாவை மூடினார். “ஒரு செடிகூட நடாதவங்களை எப்படிம்மா மரம் நடுற மன்றத்துல சேர்க்கிறது? பின்னாடி நிக்கிற அணிலைப் பாருங்க. எட்டு வருஷத்துல எட்டுச் செடி நட்டிருக்கு.”

“அந்த எட்டும் எங்க சார்?”

“அது அணிலோட சொந்த விஷயம்” என்றார் குணசீலன். வரிசையில் இருந்தவர்கள் சீக்கிரம் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். பொங்கல் தீர்ந்துகொண்டிருந்தது.

இனிச் செயலாளரிடம் பேசிப் பயனில்லை என்று மூக்காயி நேரே தலைவரிடம் போனாள். தலைவர் காட்டுப்பன்றி வைரவன். வயதானவர், மரியாதையானவர். சேற்றில் சாய்ந்து படுத்திருந்தவர் அவளைக் கண்டதும் எழுந்தே உட்கார்ந்தார்.

“வாங்கம்மா. விஷயம் காதுக்கு வந்துச்சு. எனக்கு மனசே சரியில்லை. உசிரோட நிக்கிற செடியைப் பிடுங்குறது பாவம். அதனாலதான் நாங்க சும்மா பிடுங்காம, தீர்மானம் போட்டுப் பிடுங்குறோம்.”

“தலைவரய்யா, கரை இடிஞ்சா என் பிள்ளைங்க மண்ணுக்குள்ள போயிரும். மன்றமே குளத்துக்காகத்தானே இருக்கு?”

வைரவன் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லையென்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார். “உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. எட்டு வருஷமா நூறும் செத்துச்சு. யாராச்சும் ஒரு கேள்வி கேட்டாங்களா? வெயில்னு சொன்னோம், ஒத்துக்கிட்டாங்க. இப்ப தொண்ணூத்தொன்பது செத்து ஒண்ணு மட்டும் பிழைச்சு நிக்குது. அதே வெயில், அதே மண்ணு. மலைச்சாமி ஐயா அதைப் பார்த்துட்டு, மத்ததெல்லாம் எங்கய்யான்னு கேட்டா நான் என்ன சொல்வேன்? வெயில்னா சொல்ல முடியும்? நாங்கதான் காரணம்னு ஆயிரும்.”

ஒரு செடி பிழைத்தது இத்தனை பேருக்கு இத்தனை பெரிய சங்கடமா என்று மூக்காயிக்கு அப்போதுதான் உறைத்தது.

“மனசு கஷ்டப்படாதீங்க” என்றார் வைரவன். “உங்களுக்குத் ‘தண்ணீர்த் தாய்’னு ஒரு பட்டம் குடுத்து மேடையில சால்வை போத்துறோம்.”

“செடியைப் பிடுங்கிட்டா சால்வை?”

“வேணும்னா சால்வையை முதல்ல போத்திட்டு அப்புறமாப் பிடுங்குறோம். அதுல நாங்க பிடிவாதம் பிடிக்க மாட்டோம்.”

மூக்காயி திரும்பி நடந்தாள். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். வளைக்குள் போகவும் மனசில்லை. செடியின் அடியில் சுருண்டு உட்கார்ந்து தேம்பினாள்.

பக்கத்தில் தண்ணீருக்குள் ஒரு பட்ட கட்டை நின்றது. அதன்மேல் நீர்க்காகம் சுடலைமுத்து சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தான். அவனும் மூக்காயியும் ஒரே குளத்து மீனைப் பங்கு போட்டுத் தின்கிறவர்கள். மதினி, கொழுந்தனார் என்று முறை வைத்துத்தான் பேசிக்கொள்வார்கள்.

“என்ன மதினி, மன்றத்துல போய் முட்டி மோதிட்டு வந்தீங்களாக்கும்?”

“போங்க கொழுந்தனாரே, நீங்க வேற. ஒரு வருஷமா உசிரைக் குடுத்து வளர்த்தேன். அதனாலதான் அதுக்கு ஆபத்துங்கிறாங்க.”

“நீங்க அந்த எடத்தை அவ்வளவு அழகா வெச்சிருக்கீங்க. அப்புறம் வராம என்ன செய்வாங்க?” சுடலைமுத்து வாலைத் தூக்கிக் கட்டையின்மேல் எச்சத்தைப் பீச்சிவிட்டு மறுபடி வசதியாக உட்கார்ந்தான். கட்டை முழுவதும் வெள்ளை வெள்ளையாக வழிந்திருந்தது. “என்னைப் பாருங்க. பத்து வருஷமா இந்தக் கட்டையில குடியிருக்கேன். என்னிக்காச்சும் ஒருத்தன் இங்க பேனர் கட்ட வந்திருக்கானா? ஒரு சிறப்பு விருந்தினர் என் பக்கம் திரும்பியிருக்காரா?”

மூக்காயி அழுகையை நிறுத்தினாள். கட்டையைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள். மறுபடி கட்டையைப் பார்த்தாள்.

“சீச்சீ” என்றாள்.

“நான் ஒண்ணும் சொல்லலையே மதினி” என்றான் சுடலைமுத்து.

இரண்டு நாள் அவள் அதை நினைக்கவே கூசினாள். சுத்தக்காரி என்று குளம் முழுக்கப் பேரெடுத்தவள். நீர்நாய் எச்சத்தின் நாற்றம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மீனும் நண்டும் தின்ற வயிறு அது. அதனால்தான் மூக்காயி அந்தக் காரியத்துக்கு மட்டும் குளத்தை விட்டு வெகுதூரம் தள்ளிப் போய், தோண்டி, மூடிவிட்டு வருவாள். அப்படிப்பட்டவள் பட்டப்பகலில், பொது இடத்தில், அதுவும் தான் வளர்த்த செடிக்குப் பக்கத்திலா? நினைத்தாலே முகம் சுண்டிப்போயிற்று. மூன்றாம் நாள் கோடை மழை ஒன்று பெய்தது. வளையின் கூரையிலிருந்து ஒரு கட்டி மண் பெயர்ந்து, தூங்கிக்கொண்டிருந்த கடைக்குட்டியின் பக்கத்தில் விழுந்தது. மூக்காயி அன்றைக்கே குளத்துக்குத் தண்ணீர் வரும் ஆற்றின் மேல்பக்கத்தில் இருந்த தன் நாத்தனார்களுக்கு ஆள் அனுப்பினாள்.

நாத்தனார்கள் ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “இதுக்கா அண்ணி இத்தனை அழுகை? இது நமக்குக் கைவந்த கலையாச்சே” என்றாள் மூத்தவள். விழாவுக்கு முன்னால் மூன்று நாளும் குளத்தில் விருந்துதான். கெளுத்தி, விரால், நண்டு, நத்தை என்று வயிறு புடைக்கத் தின்றார்கள். விழா அன்று கிழக்கு வெளுத்ததும் பத்துப் பேரும் பதினேழாம் குழியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். குணசீலன் போட்ட சுண்ணாம்பு வட்டங்களைவிட அந்த வட்டம் ஒழுங்காக இருந்தது. எல்லாம் முடிந்து மற்றவர்கள் சிரித்துக்கொண்டே தண்ணீரில் குதித்தார்கள். மூக்காயி மட்டும் முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள்.

காலை எட்டு மணிக்குக் குணசீலன் கடப்பாரையோடும் நான்கு முயல்களோடும் வந்தார். இருபதடிக்கு முன்னாலேயே முயல்கள் நின்றுவிட்டன.

“சார், என்னமோ செத்துக் கிடக்கு.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லை, வாங்கடா” என்று குணசீலன் மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலடி வைத்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பதினேழாம் குழி பளபளவென்று மின்னியது. அவர் கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பி ஓடியதில் தொப்பி கழன்று கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் திரும்பி வரவே இல்லை.

“யாரு செஞ்சது இதை?” என்று தூரத்தில் நின்று கத்தினார்.

தண்ணீரிலிருந்து மூக்காயி தலையைத் தூக்கினாள். “நான்தான் சார்.”

“ஏம்மா, அறிவிருக்கா? படிச்சவங்க வர்ற இடம் இது!”

“யாரைக் கேட்டுச் செய்யணும்னு தெரியலை சார். பாரத்துல அதுக்கும் கட்டம் இல்லை.”

குணசீலனுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. மேளம் கேட்டுவிட்டது. யானை மலைச்சாமி ஐயா வந்துகொண்டிருந்தார். ஐயா நல்லவர். இயற்கை என்றால் உயிரை விடுவார். எந்த விழாவுக்குப் போனாலும் முதலில் கண்ணை மூடி, துதிக்கையை உயர்த்தி, காட்டுக் காற்றை ஆழமாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். அன்றைக்கும் அப்படியே இழுத்தார். அத்தனை நீள மூக்கு வேறு யாருக்கு இருக்கிறது? உள்ளே போன நாற்றம் திரும்பி வரவும் அத்தனை தூரம் இருந்தது. ஐயாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஐயா உணர்ச்சிவசப்பட்டு அழுகிறார் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அடுத்த நிமிஷம் அவர் பிளிறிய பிளிறலில் மேளக்காரர்கள் மேளத்தைப் போட்டுவிட்டு மரத்தில் ஏறினார்கள்.

தலைவர் வைரவன்தான் சமாளித்தார். விழாவைக் குளத்தின் மறுகோடிப் பாறைக்கு மாற்றினார்கள். பாறையில் எங்கே நடுவது? ஒரு தொட்டியில் இருந்த குரோட்டன்ஸைக் கொண்டுவந்து வைத்தார்கள். மூக்கும் கையும் ஒன்றேயான ஐயா, துதிக்கையைச் சுருட்டி மூடிக்கொண்டதால் செடியைக் காலால் தொட்டார். போட்டோ நன்றாகவே வந்தது. விழா முடிந்ததும் தொட்டி குணசீலன் வீட்டுக்குப் போனது. மற்ற தொண்ணூற்றொன்பது செடிகளும் வழக்கம்போலக் குழிகளில் வைக்கப்பட்டு, வழக்கம்போல வைகாசியில் வாட ஆரம்பித்தன.

மறுநாளே மன்றம் கூடித் தீர்மானம் போட்டது. பதினேழாம் குழி பொதுச் சுகாதாரக் கேடு என்று அறிவித்தார்கள். தன்னார்வலர் யாரும் இருபதடிக்குள் நெருங்கக் கூடாது என்று போர்டு எழுதி நட்டார்கள். மூக்காயியின் படத்தைப் போட்டு, ‘இவரைப் போல் இருக்காதீர்கள்’ என்று கரை நெடுக ஒட்டினார்கள். சுத்தம் பற்றிய விழிப்புணர்வு ஊர்வலம் ஒன்று கோஷம் போட்டுக்கொண்டு அவள் வளைக்கு மேலேயே போனது, இருபதடி தள்ளி.

வலிக்காமல் இருக்குமா? ரொம்பவே வலித்தது. நாமக்கோழிகள் அவளைக் கண்டால் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு போயின. அணில், ‘அக்கா’ என்று கூப்பிடுவதை நிறுத்தியது. குட்டிகள்கூட ஒருநாள், “அம்மா, நம்மளை ஏன் எல்லாரும் சீன்னு சொல்றாங்க?” என்று கேட்டன. மூக்காயி மேலே போய்ச் செடியின் அருகில் நின்று உடம்பை உதறினாள். செடி அந்த மாதம் மட்டும் ஒரு முழம் வளர்ந்திருந்தது. அத்தனை சத்தான உரம் அதற்கு அதுவரை கிடைத்ததில்லை.

ஐப்பசியில் அடை மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடாமல் கொட்டியது. பதினைந்து, பதினாறு, பதினெட்டு, பத்தொன்பது என்று பக்கத்துக் குழிகளெல்லாம் சுண்ணாம்பு வட்டத்தோடு சேர்ந்து குளத்துக்குள் போயின. ஒவ்வொரு சரிவுக்கும் மூக்காயி மூன்று குட்டிகளையும் அணைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். கூரையிலிருந்து மெல்லிசாக ஒரு வேர் தொங்கியது. பக்கத்தில் இன்னொன்று. மண் கொஞ்சம் உதிர்ந்தது, பிறகு நின்றது. ஆறாம் நாள் வெயில் வந்தபோது அந்தப் பக்கத்துக் கரையில் பதினேழாம் குழி மட்டும் அசையாமல் இருந்தது. மூக்காயி ஓவென்று அழுதாள். இந்தத் தடவை அழுகைக்குக் காரணமே வேறு.

மழைச் சேதத்தைப் பார்வையிட வந்த குணசீலன் இருபதடி தள்ளி நின்று வருத்தப்பட்டார். “நல்லா பராமரிச்ச எடமெல்லாம் போயிருச்சு. இந்த அசிங்கம் பிடிச்ச எடம் மட்டும் அப்படியே நிக்குது பாருங்க. இயற்கைக்குக் கண்ணில்லை.”

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் ஓடியது. செடி மரமாகி, குளத்தின்மேல் நிழல் விரித்தது. நிழலில் மீன் பெருகியது. கரை இறுகியது. குட்டிகள் பெரிதாகி அதே கரையில் ஆளுக்கொரு வளை தோண்டிக்கொண்டன. ஒருநாள் காலை தலைவர் வைரவனும் செயலாளர் குணசீலனும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு போர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

“தண்ணீர்த் தாயே, நல்லா இருக்கீங்களா?” என்றார் வைரவன்.

“இருக்கேன் தலைவரய்யா.”

“இந்த வருஷ விழாவை இந்த மரத்தடியில நடத்தலாம்னு ஒரு எண்ணம். நிழல் நல்லா இருக்கு. ‘மன்றம் வளர்த்த மரம்’னு கல்வெட்டுகூட வெட்டியாச்சு.”

“கிளை ரெண்டு மூணு மட்டும் பேனருக்கு இடைஞ்சலா இருக்கு, அதை வெட்டிரலாம்” என்றார் குணசீலன். “மேடை போட அடியில கொஞ்சம் வேரையும் செதுக்கணும். நீங்க ஒரு வாரத்துக்கு மட்டும் இந்தப் பக்கம்... சுத்தமா இருந்தீங்கன்னா போதும். பழசையெல்லாம் நாங்க மறந்துட்டோம்.”

மூக்காயி மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு குனிந்து வேர்களைப் பார்த்தாள்.

“ரொம்ப சந்தோஷம் சார். விழா என்னிக்கு?”

“வர்ற பதினெட்டாம் தேதி.”

“நல்லது. அப்ப பதினஞ்சாம் தேதியே நாத்தனார்களை வரச் சொல்லிடறேன். இப்ப அவங்களுக்கு மருமகள்களும் வந்தாச்சு. மொத்தம் இருபத்தாறு பேர்.”

“விழாவுக்கு இத்தனை கூட்டமா!” என்று குணசீலன் பூரித்துப்போய்க் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டு நடந்தார்கள். பாதி வழியில் வைரவன் சட்டென்று நின்றார். பதினெட்டாம் தேதி விழா, பாறைமேல் நடந்தது.

நீதி: செடியை வளர்க்க நல்ல மனசு போதும். அதை மன்றத்திடமிருந்து காப்பாற்ற நல்ல ஜீரணம் வேண்டும்.